கோலாலம்பூரில் வென்ற கோப்பை

1955-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள், டாக்கா நகரத் திடலில் பாகிஸ்தானும் இந்தியாவும் ஒரு டெஸ்ட் ஆட்டத்தைத் தொடங்கின. பாகிஸ்தான் தன் சொந்த மண்ணில் ஆடிய முதல் டெஸ்ட் ஆட்டம் அதுவே. 2000-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள், அதே திடலில் மற்றொரு நாடு தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தைத் தொடங்கியது. அப்பொழுதும் எதிரே நின்றது இந்தியாவே. புதிதாக வந்த நாடு வங்காள தேசம். திடல் ஒன்று, எதிர்க்குழு ஒன்று, இடையிலே ஏறத்தாழ 46 ஆண்டுகள். வேலிக்கு வெளியே அமர்ந்து பார்த்த மக்கள் வேலியைத் தாண்டி ஆடுகளத்தில் இறங்க அத்தனை காலம் பிடித்தது.

அந்த நெடுவழியின் கடினமான திருப்பம் டாக்காவிலும் இல்லை. கிரிக்கெட்டின் தாய்வீடான இலண்டனிலும் இல்லை. அது கோலாலம்பூரில் இருந்தது. 1997-ஆம் ஆண்டு மார்ச்சு 24 முதல் ஏப்பிரல் 13 வரை இந்நகரத்தில் நடந்த ஒருநாள் கிரிக்கெட் போட்டியில் 22 நாட்டுக் குழுக்கள் கலந்துகொண்டன. உள்ளூர் மக்களில் பெரும்பாலோர் அதைக் கவனிக்கவும் இல்லை. காற்பந்தும் பூப்பந்தும் கோலோச்சும் நாட்டில் இதில் வியப்பு ஏதும் இல்லைதான். ஆயினும் ஏறத்தாழ 12 கோடி மக்களைக் கொண்ட ஒரு நாடு அந்த மூன்று வாரமும் வானொலிப் பெட்டியை விட்டு அகலாமல் இருந்தது.

ஒருநாள் ஆட்டம் என்பது மழை பெற்ற பிள்ளை. டெஸ்ட் ஆட்டம் ஐந்து நாள் நடப்பது. ஐந்து நாள் ஆடியும் வெற்றி தோல்வி காணாமல் கலைவதும் உண்டு. 1970-ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்துக் குழு ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தது. மெல்பர்னில் ஆடவேண்டிய டெஸ்ட் ஆட்டம் மழையில் கரைந்தது. ஏமாந்து நின்ற மக்களுக்கு ஈடு செய்வதற்காக 1971 சனவரி 5-ஆம் நாள், குழுவுக்கு 40 ஓவர் என வரையறுத்து ஓர் ஆட்டம் நடத்தினார்கள். நாடுகளுக்கு இடையே நடந்த முதல் ஒருநாள் ஆட்டம் அது. நான்கே ஆண்டுகளில், 1975-இல், எட்டுக் குழுக்கள் பங்குகொண்ட முதல் உலகக் கோப்பைப் போட்டி இங்கிலாந்தில் நடைபெற்றது.

டெஸ்ட் தகுதி பெற்ற நாடுகளுக்கு அக்காலத்தில் உலகக் கோப்பையில் இடம் உறுதியாக இருந்தது. மற்ற நாடுகள் என் செய்வது? பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றம் அவற்றை இணை உறுப்பினர் என்னும் வரிசையில் வைத்திருந்தது. அவற்றுக்கென 1979-ஆம் ஆண்டு தனிப் போட்டி ஒன்றை ஏற்படுத்தி, அதில் முன்னணியில் வருவோருக்கு உலகக் கோப்பையில் இடம் தருவது என முடிவு செய்தது. ஐ.சி.சி. கோப்பை எனப் பெயர் பெற்றது இப்போட்டியே. முதற்கோப்பையை இலங்கை வென்றது. இரண்டு ஆண்டு கழித்து, 1981-இல், இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தது. 1996-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் லாகூரில் ஆஸ்திரேலியாவை வென்று உலகக் கோப்பையையே அது கொண்டுபோயிற்று. இந்தப் படிக்கட்டில் ஏறினால் எதுவரை போகலாம் என்பதைச் சிறிய நாடுகள் யாவும் கண்ணாரக் கண்டன. 1982, 1986, 1990 ஆகிய மூன்று முறையும் ஓரிடமே ஒதுக்கப்பட்டிருந்தது. மூன்றையும் ஜிம்பாப்வே தட்டிக்கொண்டு சென்றது.

வங்காள தேசத்தின் நிலையைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். 1971 வரை அது கிழக்குப் பாகிஸ்தான். டாக்காவில் டெஸ்ட் ஆட்டங்கள் நடந்தன. மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். நாட்டின் குழுவில் இடம் பெறுவது மட்டும் வங்காளி இளைஞருக்கு எட்டாக் கனியாகவே இருந்தது. மொழியிலும் ஆட்சியிலும் எப்படியோ, ஆட்டத்திலும் அப்படியே. விடுதலைப் போரில் கிரிக்கெட் ஆட்டக்காரர்களும் உயிரிழந்தனர். டாக்காவில் தொடக்க ஆட்டக்காரராகப் பெயர் பெற்ற ஜுவல் என்னும் இளைஞர் கொரில்லாப் படையில் சேர்ந்து போரிட்டு, 1971 ஆகஸ்டுத் திங்களில் பிடிபட்டு மாண்டார். டாக்காவின் மீர்ப்பூர்த் திடலில் பார்வையாளர் பகுதி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

விடுதலை பெற்ற புதிய நாட்டில் பஞ்சமும் புயலும் அரசியல் கொலையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கிரிக்கெட்டைப் பற்றி எண்ண யாருக்கு நேரம் இருந்தது? எனினும் ஆட்டம் அழியவில்லை. 1977-இல் இணை உறுப்பினர் தகுதி கிடைத்தது. 1979 போட்டியில் மலேசியாவையும் பீஜியையும் வென்ற வங்காள தேசம், டென்மார்க்கிடமும் கனடாவிடமும் தோற்று வெளியேறியது. 1982-இலும் 1990-இலும் அரை இறுதிவரை வந்து இரு முறையும் ஜிம்பாப்வேயிடம் வீழ்ந்தது. 1986-இல் மொரட்டுவையில் பாகிஸ்தானை எதிர்த்துத் தன் முதல் பன்னாட்டு ஒருநாள் ஆட்டத்தை ஆடி, 94 ஓட்டங்களுக்குள் சுருண்டது. 1994-ஆம் ஆண்டு நைரோபியில் நடந்த போட்டி எல்லாவற்றிலும் கசப்பானது. ஜிம்பாப்வே டெஸ்ட் தகுதி பெற்று விலகிவிட்டது. உலகக் கோப்பைக்கு மூன்று இடங்கள் இருந்தன. அந்த உலகக் கோப்பையோ இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய அண்டை நாடுகளில் நடக்கவிருந்தது. அப்படியிருந்தும் கென்யாவிடம் 13 ஓட்டத்தில் தோற்று, வங்காள தேசம் வெறுங்கையோடு திரும்பியது. அடுத்த வீட்டுத் திருமணத்தை வேலிக்கு இப்பால் நின்று பார்ப்பவர் நிலைதான் 1996-இல் அந்நாட்டு மக்களுக்கு வாய்த்தது.

ஆகவே கோலாலம்பூருக்கு வந்த குழுவின் முதுகில் பெருஞ்சுமை இருந்தது. பயிற்சியாளராக இருந்தவர் மேற்கிந்தியத் தீவுகளின் புகழ்பெற்ற தொடக்க ஆட்டக்காரர் கார்டன் கிரீனிட்ஜ். குழுத் தலைவர் சிட்டகாங்கைச் சேர்ந்த அக்ரம் கான்; பருத்த உடலும் பலமான தோளும் கொண்டவர். பிற்காலத்தில் வங்காள தேசத்தின் பெரும் ஆட்டக்காரராக விளங்கிய தமீம் இக்பால் இவருடைய உடன்பிறந்தாரின் மகன்.

இந்நாட்டில் கிரிக்கெட்டுக்கு வேர் இல்லாமல் இல்லை. 1884-இல் தொடங்கிய சிலாங்கூர்க் கிளப்பின் முன்னுள்ள பாடாங்கில் வெள்ளைக்காரத் துரைமார்கள் ஆடினார்கள். அரசாங்க அலுவலகங்களிலும் இரயில்வேயிலும் வேலை பார்த்த யாழ்ப்பாணத் தமிழரும் பிற இந்தியரும் அதை எடுத்து ஆடினார்கள். ஆனால் 1997 போட்டிக்கு, 22 குழுக்கள் நாள்தோறும் ஆடுவதற்கு ஏற்ற புல்தரை ஆடுகளங்கள் போதவில்லை. செயற்கை விரிப்புகளின் மேலேதான் ஆட்டங்கள் நடந்தன. கிளப்புகள், பல்கலைக்கழகம், மின்சார வாரியம் முதலியவற்றின் திடல்களோடு ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் திடலும் பயன்பட்டது. இஸ்ரேல் குழுவின் வருகையால் எழுந்த எதிர்ப்பு, ஆட்டத்தைவிட அதிகமாகப் பத்திரிகைகளில் இடம் பிடித்தது.

மற்றொரு கூட்டத்தாரையும் இங்கே குறிப்பிடவேண்டும். அந்த ஆண்டுகளில் கோலாலம்பூரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உயர்ந்துகொண்டிருந்த கட்டடங்களில், தொழிற்சாலைகளில், தோட்டங்களில் வங்காள தேசத் தொழிலாளர் பெருந்தொகையாக உழைத்துக்கொண்டிருந்தனர். சொந்த ஊரை விட்டுக் கடல் கடந்து வந்து கூலிக்கு உழைப்பவன் நெஞ்சில் தன் நாட்டின் பெயர் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கும் என்பதைத் தோட்டத்துத் தமிழருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. வேலைக்கு விடுப்புக் கிடைத்தவர்கள் கொடியோடு திடலுக்கு வந்தார்கள். பிற குழுக்கள் ஏறக்குறைய ஆளில்லாத் திடலில் ஆட, வங்காள தேசம் மட்டும் சொந்த ஊரில் ஆடுவதுபோல ஆரவாரத்தின் நடுவே ஆடியது.

முதற்சுற்றில் மலேசியா உட்பட ஐந்து குழுக்களையும் வங்காள தேசம் வென்றது. இரண்டாஞ் சுற்றில்தான் வானம் குறுக்கிட்டது. ஏப்பிரல் திங்கள் இந்நாட்டின் மேற்குக் கரையில் இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வெயில் கொளுத்தும். பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். இத்தகைய திங்களில் நாள் முழுதும் ஆடவேண்டிய போட்டியை ஏன் வைத்தார்கள் என்பது கேட்கத்தக்க கேள்வி. அயர்லாந்தை 129 ஓட்டத்தில் சுருட்டிவிட்டு வெற்றியை எட்டிப் பிடிக்கும் நிலையில் இருந்த வங்காள தேசத்தின் கையிலிருந்து மழை அந்த ஆட்டத்தைப் பிடுங்கிக்கொண்டது. புள்ளி பங்கிடப்பட்டது. அதனால் நெதர்லாந்துடன் ஏப்பிரல் 4-ஆம் நாள் ஆடும் ஆட்டத்தில் வென்றே தீரவேண்டும். தோற்றால் மூட்டையைக் கட்டவேண்டும் என்ற நிலை வந்தது.

அந்த ஆட்டம் நடந்த இடம் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத் திடல். 1925-இல் ஏற்பட்ட அக்கழகம் நல்ல பால் தரும் மரங்களைத் தேர்ந்தெடுத்துத் தோட்டங்களுக்கு வழங்குவதற்கென உழைத்த நிறுவனம். அதன் பெயர் அறியாத தோட்டமே இந்நாட்டில் இல்லை எனலாம். அங்கே நெதர்லாந்து முதலில் ஆடி 171 ஓட்டங்கள் எடுத்தது. ஐம்பது ஓவரில் எடுக்கக்கூடிய எண்ணிக்கைதான். ஆனால் வங்காள தேசம் 15 ஓட்டம் எடுப்பதற்குள் நான்கு விக்கெட்டுகளை இழந்துவிட்டது. டாக்காவில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நைரோபியை நினைத்திருப்பார்கள்.

அக்ரம் கான் உள்ளே வந்தார். அனுபவசாலியான மின்ஹாஜுல் அபிதீன் துணை நின்றார். விரைந்து அடித்தால் விக்கெட் போகும்; அடிக்காமல் நின்றால் ஓவர் போகும். போதாததற்கு மழையும் வந்து ஆட்டத்தை நிறுத்தியது. மீண்டும் தொடங்கியபொழுது வெற்றி இலக்கு 33 ஓவரில் 141 ஓட்டங்கள் எனத் திருத்தப்பட்டிருந்தது. மறுமுனையில் துணைவர்கள் ஒவ்வொருவராக விடைபெற, அக்ரம் மட்டும் அசையவில்லை. அவர் ஆட்டமிழக்காமல் எடுத்த ஓட்டங்கள் 68. மூன்று விக்கெட் மீதமிருக்க வங்காள தேசம் வென்றது. அந்நாட்டுக் கிரிக்கெட் வரலாற்றில் இதனினும் அழகான ஆட்டங்கள் பல உண்டு. இதைவிடப் பெரிய எதிரிகளை அது வென்றதும் உண்டு. ஆனால் இந்த 68 ஓட்டங்கள் இல்லையேல் அவற்றுள் எத்தனை நடந்திருக்கும்?

அரை இறுதியில் ஸ்காட்லாந்தை எதிர்த்து 243 ஓட்டங்கள் எடுத்து, 72 ஓட்ட வேறுபாட்டில் வென்றதும் உலகக் கோப்பையில் இடம் உறுதியாயிற்று. முன்னே சொன்ன பதினெட்டு ஆண்டு ஏக்கம் அன்றே தீர்ந்தது. இறுதி ஆட்டம் கோப்பைக்காக மட்டுமே. இருப்பினும் மக்கள் நினைவில் நிலைத்தது அந்த இறுதி ஆட்டமே. அதற்குக் காரணமும் உண்டு.

கென்யா முந்திய ஆண்டு உலகக் கோப்பையில் மேற்கிந்தியத் தீவுகளை 93 ஓட்டத்தில் சுருட்டி உலகை வியக்க வைத்த குழு. ஏப்பிரல் 12-ஆம் நாள் மின்சார வாரியத்தின் கிலாட் கிளப் திடலில் அது 241 ஓட்டங்கள் குவித்தது. ஸ்டீவ் டிக்கோலோ ஒருவரே 147 எடுத்தார். பின்னர் மழை. வங்காள தேசம் மறுநாள்தான் ஆட இறங்கியது. அதுவும் 50 ஓவர் ஆட நேரம் இல்லை; 25 ஓவரே கிடைத்தது. இலக்கு 166 என அறிவிக்கப்பட்டது.

பாதி ஓவருக்குப் பாதி ஓட்டம்தானே, 121 எடுத்தால் போதாதா என்று கேட்கத் தோன்றும். பழைய கணக்கு அப்படித்தான் இருந்தது. அதில் ஓர் ஓட்டை உண்டு. ஒரு குழுவுக்குப் பத்து விக்கெட்டுகள். ஐம்பது ஓவர் ஆடுபவன் அவற்றைச் சிக்கனமாகச் செலவிடவேண்டும். இருபத்தைந்தே ஓவர் ஆடுபவனுக்கும் அதே பத்து விக்கெட். அவன் துணிந்து வீசலாம். மாதச் சம்பளத்தைப் பதினைந்து நாளில் செலவிடலாம் என்றால் நாளுக்கு இரு மடங்கு கை நீளுமல்லவா? இந்த உண்மையைக் கணக்கில் சேர்த்தவர்கள் டக்வொர்த், லூயிஸ் என்னும் இரு ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர்கள். 1992 உலகக் கோப்பை அரை இறுதியில், 13 பந்தில் 22 ஓட்டம் எடுக்கவேண்டியிருந்த தென்னாப்பிரிக்கா, சிறு மழைக்குப்பின் ஒரே பந்தில் அதை எடுக்கவேண்டும் என்று பலகையில் கண்டு திகைத்தது. அந்த அநீதிக்குப் பின்னர் உருவான அவர்களுடைய முறை 1997 சனவரியில்தான் முதன்முதலாகப் பன்னாட்டு ஆட்டத்தில் கையாளப்பட்டது. கோலாலம்பூருக்கு வந்தபொழுது அதற்கு வயது நான்கு திங்கள்கூட நிறையவில்லை. திடலில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அது விளங்கியதோ!

வங்காள தேசம் முதற்பந்திலேயே ஒரு விக்கெட்டை இழந்தது. பந்து வீச்சாளரான முகமது ரபீக்கைத் தொடக்கத்திலேயே அனுப்பியிருந்தனர். அவர் வீசியடித்து 26 எடுத்தார். அமீனுல் இஸ்லாம் 37 எடுத்தார். கடைசி ஓவரில் 11 ஓட்டம் வேண்டும். பந்து வீசியவர் மார்ட்டின் சூஜி. முதற்பந்தை விக்கெட் காப்பாளர் காலித் மசூத் எல்லைக்கு அப்பால் தூக்கி ஆறு ஓட்டம் எடுத்தார். கடைசிப் பந்து எஞ்சியபொழுது தேவைப்பட்டது ஓர் ஓட்டம். எதிர்கொண்டவர் ஹசிபுல் உசேன். பந்து மட்டையில் படவில்லை. காலுறையில் பட்டு விலகியது. இருவரும் ஓடினர். இரண்டு விக்கெட்டில் வெற்றி! தொழிலாளர் கூட்டம் வேலியைத் தாண்டித் திடலுக்குள் பாய்ந்தது.

மறுநாள் ஏப்பிரல் 14. நமக்குச் சித்திரைப் பிறப்பு; வங்காளிகளுக்கும் அதுவே புத்தாண்டு நாள். அன்று டாக்காவில் இறங்கிய குழுவுக்கு மாணிக் மியா சாலையில் மக்கள் கடல் திரண்டு வரவேற்பு அளித்தது. கிரீனிட்ஜுக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கப்பட்டது. அதே கிரீனிட்ஜ் இரண்டு ஆண்டு கழித்து, உலகக் கோப்பை ஆட்டங்கள் முடியுமுன்பே பதவியிலிருந்து நீக்கப்பட்டார் என்பதையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

அந்த உலகக் கோப்பையில், 1999 மே 31-ஆம் நாள், நார்த்தாம்ப்டன் நகரில் வங்காள தேசம் பாகிஸ்தானை 62 ஓட்டத்தில் வென்றது. 1971-ஐ நினைவில் வைத்திருந்தோருக்கு அவ்வெற்றி வெறும் ஆட்டமாகத் தோன்றியிராது. 2000 சூனில் டெஸ்ட் தகுதி கிடைத்தது.

மட்டையும் பந்தும் மட்டுமே இத்தகுதியைத் தேடித் தந்தன என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. 1997 முதல் 2000 வரை பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றத்தின் தலைவராக இருந்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த ஜக்மோகன் டால்மியா. புதிய நாடுகளுக்கு ஆட்டத்தைப் பரப்புவதில் அவருக்கு ஆர்வம் மிகுதி. அதில் வாணிக நோக்கும் கலந்திருந்தது. 1998-இல் டெஸ்ட் நாடுகள் ஒன்பதும் பங்குகொண்ட ஒருநாள் போட்டி டாக்காவில் நடத்தப்பட்டது. கூட்டம் அலைமோதியதை மன்றத்தார் நேரில் கண்டனர்.

கென்யாவின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். கடைசிப் பந்தில் கோப்பையை இழந்த கென்யா, ஆட்டத் திறத்தில் அப்பொழுது வங்காள தேசத்துக்கு இளைத்ததன்று. மேம்பட்டது என்றே கூறலாம். 2003 உலகக் கோப்பையில் அரை இறுதிவரைகூடச் சென்றது. ஆயினும் டெஸ்ட் தகுதி அதற்குக் கிட்டவே இல்லை. நைரோபியின் சில கிளப்புகளையும் சில குடும்பங்களையும் நம்பி நின்ற ஆட்டம் அது. நிருவாகச் சண்டைகள் வேரை அரித்தன. 2014-இல் ஒருநாள் ஆட்டத் தகுதியையும் இழந்தது. டாக்காவிலோ அபகானி, முகமதன் முதலிய கிளப்புகளின் ஆட்டத்துக்கே அக்காலத்தில் ஆயிரக்கணக்கில் மக்கள் கூடினர். கடைசிப் பந்தில் கென்யா வென்றிருந்தாலும் இரு நாடுகளின் போக்கு பெரிதும் மாறியிராது. ரப்பர் ஆராய்ச்சித் திடலில் அக்ரம் கான் இடறியிருந்தால் மட்டும், வங்காள தேசம் 1999 உலகக் கோப்பையைக் கண்டிராது; நார்த்தாம்ப்டனும் இல்லை; டெஸ்ட் தகுதி கேட்கும் குரலுக்கு வலுவும் இருந்திராது. காப்பாற்றிய ஆட்டம் நெதர்லாந்துடன் ஆடியது. கொண்டாடிய ஆட்டம் கென்யாவுடன் ஆடியது.

தகுதி கிடைத்தவுடன் வெற்றி கிடைத்துவிடவில்லை. முதல் டெஸ்ட் வெற்றிக்கு வங்காள தேசம் 2005 சனவரிவரை, 35-ஆவது ஆட்டம்வரை காத்திருந்தது. ஆனால் 2000 நவம்பரில் டாக்காத் திடலில் அந்தக் கணக்கை யாரும் அறியார். முதல் ஆட்டத்தில் அமீனுல் இஸ்லாம் 145 ஓட்டங்கள் எடுத்தார். அக்ரம் கான், நயீமுர் ரகுமான், காலித் மசூத், முகமது ரபீக், ஹசிபுல் உசேன் ஆகியோரும் அன்று களத்தில் இருந்தனர். பதினொருவரில் அறுவர் கோலாலம்பூரின் விரிப்புகளின் மேல் ஆடியவர்கள். 15 ஓட்டத்துக்கு 4 விக்கெட் விழுந்த பிற்பகலில் அக்ரமின் மறுமுனையில் நின்ற மின்ஹாஜுல் அபிதீன் அவர்களுள் இல்லை. அவருக்கு டெஸ்ட் ஆடும் வாய்ப்புக் கடைசிவரை கிடைக்கவே இல்லை.